ஸ்டோர் ரூமில் தெரிய வேண்டிய படங்கள்

அம்மா இறந்த இரண்டாவது மாதம், கடையை மூடிவிடலாம் என்றான் அண்ணன் உதயகுமார். ஆர்டர் நின்றுபோயிருந்தது. வாங்கியவர்கள் எல்லாரும் அம்மாவுக்காக வாங்கினார்கள், அவள் போன பிறகு வாங்க மாட்டார்கள் என்பது அவன் முடிவு. கடை இருந்த இடம் அப்துல் ரசாக் பாயுடையது. அங்கே பேட்டரி கடை வைக்க ஒருவர் காத்திருந்தார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டி அந்த அகலத்தில் இடம் கிடைப்பது அரிது. மாதம் முடிவதற்குள் பதில் சொல்லுங்கள் என்று பாய் கேட்டிருந்தார்.

மூடக் கூடாது என்றேன். அண்ணன் காரணம் கேட்டான். அப்போது என்னிடம் காரணம் எதுவும் இல்லை. மூடக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

கடையின் பெயர் வேம்புலி சீல்ஸ். ஆயில் சீல், ஓ-ரிங், கேஸ்கெட் விற்கிறோம். இயந்திரத்துக்குள் எண்ணெய் ஒழுகாமல் பிடித்து வைக்கிற ரப்பர் சாமான்கள். பார்ப்பதற்கு எல்லாம் கறுப்பு, எல்லாம் வட்டம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் தரையெல்லாம் எண்ணெயாகும்.

அம்மா வேம்புலியம்மாள் அயனம்பாக்கத்தில் பிறந்தவள். அவள் வீட்டார் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். ஏரியோரத்து நிலங்கள் மனைகளாக விற்றுப்போனபோது அந்த வேலையும் போனது. அதற்காக அவள் வருத்தப்பட்டதே இல்லை. "சேத்துல நின்னு முதுகு ஒடிஞ்சதுதான் மிச்சம். இன்னாத்துக்கு அழறது? ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து செய்ற வேல கெடச்சா தேங்கா ஒடைக்கிறேன்னு வேண்டிகினேன், கெடச்சுது, ஒடச்சேன்" என்பாள்.

அந்த வேலை எஸ்டேட்டில் ஒரு ரப்பர் மோல்டிங் கம்பெனியில் கிடைத்தது. அச்சிலிருந்து வரும் வளையத்தின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பிசிறை வெட்டுவது. பிறகு தரம் பார்க்கும் மேசைக்கு மாற்றினார்கள். கெட்ட பீஸ் கண்ணில் பட்டால் சிவப்பு பெயிண்ட் பேனாவால் அதன்மேல் எக்ஸ் போட்டுச் சிவப்புத் தட்டில் எறிய வேண்டும். எஸ்டேட்டில் எந்தக் கம்பெனியிலும் இதுவே வழக்கம். சிவப்பு எக்ஸ் விழுந்த சாமானை யாரும் தொட மாட்டார்கள். ஏன் விழுந்தது என்று கேட்கவும் மாட்டார்கள்.

ஒருநாள் அவள் எக்ஸ் போட்ட பீஸ்களைத் துடைத்து அனுப்பச் சொன்னார் சூப்பர்வைசர். அம்மா பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். பின்னாளில் நான் அதைப் பெருமையாகச் சொன்னால் தடுத்துவிடுவாள். "அன்னிக்கு எனக்குத் தலவலி. இல்லாங்காட்டி பேசாம தொடச்சுக் குடுத்திருப்பேன். நீ கத கட்டாத."

அதன்பிறகு சின்னக் கம்பெனிகளில் சீல் வாங்கி, பையில் போட்டுக்கொண்டு, மற்றக் கம்பெனிகளின் ஸ்டோர் ரூம்களுக்குக் கொண்டுபோய் விற்றாள். வாட்ச்மேன்கள் உள்ளே விடாமல் விரட்டினார்கள். மறுநாளும் போய் நின்றாள். பெரிய சிக்கல் அதுவல்ல, பெயர்தான். ஒரு கம்பெனியில் தொப்பி சீல் என்று சொல்வதை அடுத்த கம்பெனியில் காது சீல் என்பார்கள். போனில் கேட்டு எடுத்துப்போனால் பாதி திரும்பி வரும். படம் இருந்தால் பிரச்சினை இல்லை. வெள்ளை பீங்கான் தட்டில் ஒவ்வொன்றாக வைத்துப் படம் எடுக்க ஆரம்பித்தாள்.

நான் அப்போது பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரியில் கணினி படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படங்களை வைத்து அவளுக்கு ஒரு வெப்சைட் செய்தேன். லேப்டாப்பில் காட்டினேன்.

"சோக்கா கீது" என்றாள். "தங்கவேலு அண்ணன் பொட்டில தெரியுதா?"

"தெரியும்மா. எல்லாத்துலயும் தெரியும்."

"நீ பாத்தியா?"

"பாக்கணும்னு இல்லம்மா."

"அப்போ எழுந்துரு, போய்ப் பாக்கலாம்."

தங்கவேல், பட்டரைவாக்கம் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். அவருடைய கம்ப்யூட்டரில் நீல நிற ‘e’ எழுத்துப் படம் போட்ட பழைய பிரௌசர் மட்டும்தான் இருந்தது. அதில் எங்கள் சீல்களைச் சுற்றி அழுக்குச் சாம்பல் நிறத்தில் கட்டம் தெரிந்தது. படங்களின் பின்னணியை நான் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும்படி வெட்டியிருந்தேன். அந்தப் பிரௌசருக்கு அது புரியவில்லை.

"இன்னாடி இது, அடுப்புச் சாம்பல்ல பொரட்டின மாதிரி?"

"இது ரொம்பப் பழைய பிரௌசர்ம்மா. இதையெல்லாம் இப்ப யாரும் வச்சுக்கறதில்ல."

"தோ, இவரு வச்சுகினுகீறாரே. இவரு யாரும் இல்லியா?"

தங்கவேல் சிரித்தார். "வுடு வேம்புலி. படிக்கிற பொண்ணு."

"படிக்கிற பொண்ணுக்கு வாங்கறவன் கண்ணு எங்க கீதுன்னு தெரிய வேணாமா?"

எஸ்டேட்டில் அந்தக் கம்ப்யூட்டர்கள் சோம்பேறித்தனத்தால் பழசாக இருக்கவில்லை. ஸ்டாக் பார்க்கும் மென்பொருள் அந்தப் பிரௌசரில் மட்டும்தான் திறக்கும். அதை எழுதிக் கொடுத்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மாற்றினால் மொத்த ஸ்டோரும் நின்றுவிடும். செல்போனில் பார்க்கவும் வழி கிடையாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

அன்றிலிருந்து அதுதான் முறை. எந்த மாற்றம் செய்தாலும் ஒரு ஸ்டோர் ரூமில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் விடுவோம். பிறகு எனக்குக் கிண்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே மீட்டிங்குகளில் பழைய பிரௌசர்களைக் கைவிடலாம் என்று பேசும்போது எல்லாரோடும் சேர்ந்து நானும் தலையாட்டுவேன். சனிக்கிழமை அம்மாவோடு ஸ்டோர் ரூமில் நிற்பேன். இரண்டிலும் எனக்குச் சங்கடம் இருந்ததில்லை. அங்கே வாங்குகிறவர்கள் வேறு, இங்கே வேறு.

அம்மா செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். ஒருமுறை வந்த சரக்கில் ஒரு வகை ஓ-ரிங் எண்ணெயில் ஊறி உப்பியது. வாங்கியவர்களிடமிருந்து அதைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். அதோடு விடவில்லை. வெப்சைட்டில் அந்தப் படத்தின்மேல் சிவப்பு எக்ஸ் போடச் சொன்னாள். படத்தை எடுத்துவிடலாமே என்றேன்.

"எடுத்தா ஒளிச்ச மாதிரி இருக்கும். எக்ஸ் போடு. நம்மளே ரிஜெக்ட் பண்ணதுன்னு தெரியட்டும்."

நல்ல சரக்கு வரும்வரை அந்த எக்ஸ் இருந்தது. எஸ்டேட்டில் அதைப் பற்றி வெகுநாள் பேசினார்கள். எந்தக் கடைக்காரர் தன் சரக்கைத் தானே ரிஜெக்ட் செய்வார்?

கார்த்திகை மாதம் அம்மாவுக்கு மூளையில் ரத்தக் கசிவு. வண்டியில் ஏற்றும்போது பேசினாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது உயிர் இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

காரியம் முடிந்த பிறகு நான் கடை வேலை எதையும் பார்க்கவில்லை. அப்பா அண்ணனூரில் மின்சார ரயில் கார் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் தன் பங்குக்கு ஒன்று செய்தான். தனக்குத் தெரிந்த ஒரு டிசைன் கம்பெனியிடம் சொல்லி வெப்சைட்டைப் புதிதாக்கினான். முதல் பக்கத்தில் அம்மாவின் பெரிய படம். அதன் கீழே அவள் பெயர், பிறந்த வருடம், மறைந்த வருடம். அதற்கும் கீழே சீல்கள். என் போனில் பார்த்தேன். அழகாக இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

அதிலிருந்துதான் ஆர்டர் குறைந்தது. பிறகு நின்றது. அண்ணன் சிலருக்குப் போன் செய்து கேட்டான். தேவைப்பட்டால் சொல்கிறோம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். மரியாதையாகச் சொன்னதையே அவன் ஆதாரமாக எடுத்துக்கொண்டான்.

நான் தங்கவேலைப் பார்க்கப் போனேன். கேட்டில் போனைக் கொடுத்தேன். வாட்ச்மேன் எதுவும் கேட்காமல் விட்டார். தங்கவேல் எழுந்து நின்றார். டீ சொன்னார். அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டுவிட்டேன்.

"ஏண்ணா எங்ககிட்ட வாங்கறதில்ல?"

அவர் சங்கடப்பட்டார். "மால் வரட்டும்னு கீறேன் பாப்பா."

"எந்த மால்?"

"நல்ல மாலு, புது சரக்கு. அதான் எல்லாத்தியும் ரிஜெக்ட் போட்டுகீறீங்களே."

எனக்குப் புரியவில்லை. அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். எங்கள் வெப்சைட். எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன. படங்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் காலிக் கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ஒரு சிவப்பு எக்ஸ்.

படம் கிடைக்காவிட்டால் அந்தப் பழைய பிரௌசர் போடுகிற குறி அது. வேறு எந்த ஊரில் இருந்தாலும் படம் வரவில்லை என்று நினைத்திருப்பார்கள். இவர்கள் எஸ்டேட்காரர்கள். எக்ஸ் என்றால் ரிஜெக்ட். அதுவும் அம்மா தன் கையால் அப்படிப் போட்டுக் காட்டியவள்.

"அத்தினி சீலுமா கெட்டுப்போகும்? ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேண்ணா."

"துக்க ஊட்டுக்குப் போன் பண்ணி, மால் ஏன் ரிஜெக்ட் ஆச்சுன்னு கேக்கச் சொல்றியா? பசங்க அம்மா மாதிரியே நேர்மையா கீறாங்கன்னு நாங்க பேசிகினோம். இந்த லைன்ல எல்லாரும் அப்டித்தான் சொன்னாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்பால, மேல பாரு. அவங்க பேரு. அதுக்கும் எக்ஸு. அத்த பாத்தா எங்களுக்கு இன்னா தோணும்? கடையே அவ்ளோதான்னு தோணாதா?"

பக்கத்தின் உச்சிக்கு நகர்த்தினேன். பெரிய காலிக் கட்டம். சிவப்பு எக்ஸ். கீழே வேம்புலியம்மாள்.

டீ வந்தது. குடிக்காமல் கிளம்பினேன்.

அன்று மாலையே வானகரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அப்பாவும் அங்கே இருந்தார்.

"ஆர்டர் நின்னது அம்மா இல்லாததால இல்லண்ணா. படம் தெரியல."

அவன் தன் போனில் திறந்து காட்டினான். "நல்லா தெரியுதே."

"ஸ்டோர் ரூம்ல தெரியல. எல்லாப் படத்தையும் வெப்-பின்னு ஒரு புது வகையில மாத்திட்டாங்க. பழைய பிரௌசருக்கு அதைப் படிக்கத் தெரியாது."

"காவ்யா, அந்தப் பிரௌசரைச் செஞ்சவங்களே அதைக் கைவிட்டாச்சு."

"தங்கவேல் அண்ணன் கைவிடல."

"அப்படி எத்தனை பேர்? இரு." டிசைன் கம்பெனி அனுப்பிய அறிக்கையைத் திறந்தான். எந்தப் பிரௌசரில் எவ்வளவு பேர் வருகிறார்கள் என்ற வட்டப்படம். அந்தப் பழைய பிரௌசருக்கு அதில் ஒரு கீற்றுகூட இல்லை. "பாரு. யாருமே இல்ல."

"எண்ணற புரோகிராமே அந்தப் பிரௌசர்ல ஓடாதுண்ணா. எண்ணவே இல்ல. எண்ணாதவங்களை இல்லாதவங்கன்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"நீ துக்கத்துல பேசற."

"ஆமா. துக்கத்துலதான் பேசறேன். அதுக்காக ஸ்க்ரீன்ல இருந்த எக்ஸ் பொய்யாயிடுமா?"

அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "உங்கம்மா இருந்திருந்தா இந்நேரம் ரெண்டு பேரையும் செவப்புத் தட்டுல தூக்கிப் போட்டிருப்பா."

யாரும் சிரிக்கவில்லை. நான் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்ததைச் சொன்னேன். அம்மா பெயருக்கு மேல் இருந்த எக்ஸைப் பற்றி.

அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தவன் அவன். என் வளைகாப்பில் எடுத்த படம். போனில் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தான்.

"எல்லா ஸ்டோர் ரூம்லயுமா?"

"பழைய பொட்டி இருக்கற எல்லா இடத்துலயும்."

லேப்டாப்பை என் பக்கம் தள்ளினான். பாஸ்வேர்டைத் தட்டினான். "ஆனா ஒண்ணு சொல்றேன். படம் தெரிஞ்சப்புறமும் ஆர்டர் வரலன்னா, பாய்க்கு நான் பதில் சொல்லிடுவேன்."

"சரி" என்றேன்.

தொழில்நுட்பமாகச் சொன்னால் வேலை சின்னது. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வடிவம் வைக்க வேண்டும். புது வடிவம் ஒரு வரியில், பழைய ஜேபெக் அடுத்த வரியில். புதிய பிரௌசர் முதல் வரியை எடுத்துக்கொள்ளும். பழையதற்கு முதல் வரி என்னவென்றே தெரியாது, தாண்டிப்போய் அடுத்ததை எடுக்கும். பக்கத்தை நகர்த்தும்போது மட்டும் படத்தை வரவழைக்கிற ஏற்பாடு ஒன்று இருந்தது. அது பழைய பிரௌசரில் ஓடாது. அதை எடுத்தேன். திரைக்குத் தகுந்தபடி வரிசைகள் சுருங்கி விரிகிற ஏற்பாட்டையும் எடுத்தேன். மூன்றாவது வரிசையில் இரண்டாவது என்று சொல்லித்தான் ஸ்டோர் கீப்பர்கள் போனில் ஆர்டர் கொடுப்பார்கள். எங்கே பார்த்தாலும் வரிசைக்கு நாலு படம்தான் இருக்க வேண்டும். டிசைன் கம்பெனியில் ஒருவர் போன் செய்து, இப்படிச் செய்தால் வெப்சைட் பழையதாகத் தெரியும் என்றார். தெரியட்டும் என்றேன்.

மறுபடி தங்கவேலிடம் போனேன். பக்கம் திறந்தது. முதல் இரண்டு வரிசை நன்றாக வந்தது. மூன்றாவது வரிசை முழுக்கச் சிவப்பு எக்ஸ். அதற்குக் கீழே கலந்துகட்டி.

"பாதி பாஸ், பாதி ரிஜெக்டா?" என்றார் தங்கவேல். குரலில் கேலி இருந்தது. ஆனால் எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்.

எல்லாமே ஜேபெக். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பெயரில் பிழை இல்லை. கடையில் பார்த்தபோது என் லேப்டாப்பில் எல்லாம் தெரிந்தன. வராத படங்களின் எண்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே எங்கள் கடையின் காலண்டர் தொங்கியது. போன வருடம் அம்மா சிவகாசியில் அச்சடித்து ஸ்டோர் ரூம்களுக்கெல்லாம் கொடுத்தது. பன்னிரண்டு மாதத்துக்கும் எங்கள் சீல்களின் படங்கள். தாள்களைப் புரட்டினேன். திரையில் வராத படங்கள் எல்லாம் காலண்டரில் இருந்தன. வந்த படம் ஒன்றுகூட அதில் இல்லை.

காலண்டருக்காக அந்தப் படங்களை மட்டும் ஒரு டிடிபி கடையில் அச்சுக்கு ஏற்றபடி மாற்றியிருந்தார்கள். புது வெப்சைட்டுக்கு டிசைன் கம்பெனி அந்தப் பிரதிகளையே எடுத்திருந்தது. அச்சகத்துக்கு நாலு மை. திரைக்கு மூன்று நிறம். ஜேபெக் என்ற ஒரே பெயருக்குள் இரண்டும் அடங்கும். புதிய பிரௌசர்கள் நாலு மையைத் தாமே மூன்று நிறமாக மாற்றிக் காட்டிவிடும். பழையதற்கு அது தெரியாது. தெரியாததற்கு எக்ஸ் போட்டுவிடும்.

கடைக்கு வந்து அத்தனையையும் மூன்று நிறத்துக்கு மாற்றி ஏற்றினேன். மறுநாள் காலை தங்கவேல் பக்கத்தைக் கீழ்வரை நகர்த்தினார். மெதுவாக, ஒவ்வொரு வரிசையாக. ஒரு எக்ஸ்கூட இல்லை.

"எல்லாம் நல்ல மாலா?" என்றார்.

"எப்பவுமே நல்ல மால்தாண்ணா. படம்தான் கெட்டுப்போச்சு."

"இத்த நான் மட்டும் நம்பினா பத்தாது. ஊடு ஊடா போய்ச் சொல்லு."

போனேன். ஸ்டோர் ரூம் ஸ்டோர் ரூமாக. கிண்டியில் லீவு சொல்லிவிட்டு. சிலர் அனுதாபம் சொல்ல ஆரம்பித்தார்கள். அதற்காக வரவில்லை, கம்ப்யூட்டரைத் திறங்கள் என்றேன். ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. "அம்மாவுக்காகவாச்சும் வாங்கறோம்மா" என்றார். அம்மாவுக்காக வாங்க வேண்டாம், சீல் தேவைப்பட்டால் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணன் போன் செய்தான். முதல் பக்கத்தில் அம்மா படம் இல்லையே என்றான்.

"சின்ன ஸ்க்ரீன்ணா. அம்மா படம் இருந்தா சீல் கீழ போயிடுது."

"ஒரு ஓரமா வை."

"வேணாம்."

"உனக்கு மனசே இல்லையா காவ்யா?"

போனை வைத்துவிட்டேன். அம்மா முகத்தைப் பார்த்து அந்த எஸ்டேட்டில் யாரும் சீல் வாங்கியதில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்டை மூடியவர்கள்தான் அதிகம். முகத்தைப் பார்க்காமலேயே வாங்கும்படி செய்தாள். அதைத்தான் அவள் வாழ்நாள் முழுக்கச் செய்தாள். அவள் போனதும் நின்றுபோகிற கடை என்று சொல்வது பாசமாகத் தெரியலாம். என் காதில் அது வாட்ச்மேன் பேச்சு.

மாதக் கடைசி வாரம் பாய் வந்தார். நானும் அப்பாவும் இருந்தோம்.

"இன்னாம்மா முடிவு பண்ணீங்க? பேட்டரிக்காரர் நேத்தும் வந்தாரு. நானும் எத்தினி நாளு சால்ஜாப்பு சொல்றது?"

"உக்காருங்க பாய்" என்றார் அப்பா.

போன் அடித்தது. தங்கவேல். கம்பெனி லேண்ட்லைனில் இரைச்சலோடு பேசினார். மூன்றாவது வரிசை என்றார். அவரை இருக்கச் சொல்லிவிட்டு பாயைப் பார்த்தேன்.

"கடையை விடல பாய்."

"அம்மா இல்லாம ஓடுமா? தப்பா எடுத்துக்காத. கேக்கறேன்."

"ஓடும். ஓடலன்னா நானே வந்து சாவி குடுக்கறேன். நீங்க வந்து கேக்க வேணாம்."

பாய் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைக் காட்டினார். பாய் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்போ அவரை வேற எடம் பாக்கச் சொல்லிட்றேன்."

"சொல்லிடுங்க."

தங்கவேல் லைனிலேயே இருந்தார். "இன்னா பாப்பா, கீறியா?"

"இருக்கேண்ணா. எத்தினி வேணும், சொல்லுங்க."